ஒற்றை விரலில் ஓடும் குதிரை

“லாடம் கட்டிடுவேன், ஜாக்கிரதை!” தமிழ்ப் படத்தில் போலீஸ் வேடம் போட்டவர்களில் இந்த வசனத்தைப் பேசாதவர்கள் குறைவு. கேட்டுக் கேட்டு நமக்கு லாடம் என்றாலே அலறல்தான் நினைவுக்கு வரும். போன வாரம் காலை நிகழ்ச்சியில் பேச்சு எங்கெங்கோ போய்க் குதிரையில் வந்து நின்றது. பூச்சோங்கிலிருந்து அழைத்த ஒரு சகோதரி, “காலுல ஆணி அடிக்கிறாங்களே, அதுக்கு வலிக்காதாங்க?” என்று கேட்டார். பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், “சரியாக அடித்தால் வலிக்காது” என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தச் ‘சரியாக’வுக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. வானொலியில் அதற்கு நேரமில்லை, இங்கே இருக்கிறது.

முதலில் ஆணி. நகம் வெட்டும்போது நமக்கு வலிப்பதில்லை. ஆனால் நகக்கண்ணில் ஊசி ஏறினால் உயிர் போகும். குளம்பும் அப்படித்தான். நம் நகமும் குதிரையின் குளம்பும் ஒரே பொருளால் ஆனவை, கெரட்டின். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில், ஓரத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு வளைந்து போவது தெரியும். கோட்டுக்கு வெளியே இருப்பது உயிரில்லாத சுவர். உள்ளே போனால் ரத்தமும் நரம்பும். ஆணி அந்தக் கோட்டை ஒட்டிச் சுவருக்குள் நுழைந்து, ஓரிரு சென்டிமீட்டர் மேலே வெளிப்பக்கமாக எட்டிப் பார்க்க வேண்டும். வெளியே வந்த முனையை முறித்து, மடித்து, அரத்தால் தேய்த்துவிடுவார்கள். பந்தயக் குதிரையின் குளம்புச் சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம்கூட இல்லாத இடங்கள் உண்டு. கை சில மில்லிமீட்டர் பிசகினால் மறுநாள் குதிரை நொண்டும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குக் குதிரை அந்நியமில்லை. இரட்டைக் கோபுரத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் நம்மில் அபூர்வம். அந்த இடம் ஒரு காலத்தில் ரேஸ் திடல். 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் குதிரைகள் பல பத்தாண்டுகள் ஜாலான் அம்பாங்கில்தான் ஓடின. நகரம் அந்த நிலத்தைக் கேட்டது. 1990-களின் தொடக்கத்தில் கிளப் சுங்கை பெசிப் பக்கம் இடம் மாறியது. பெசி என்றால் மலாயில் இரும்பு. லாடத்துக்கு ஏற்ற ஊர்ப்பெயர் என்று மகிழப் போனால் அதிலும் ஒரு திருகல்: ஓட்டத்தன்று பந்தயக் குதிரையின் காலில் இருப்பது பெரும்பாலும் இரும்பு இல்லை, அலுமினியம்.

ஆனால் நம்மில் பலருக்குக் குதிரை வந்து சேர்வது வேறு வழியில். “நேத்து கூடாவுல என்ன நம்பர்?” என்று கேட்டால், விலங்கியல் கேள்வி இல்லை என்பது கிள்ளானில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நம்பரைத் தெரிந்து வைத்திருக்கிற அளவுக்கு அந்த விலங்கின் காலை நாம் தெரிந்து வைத்திருக்கவில்லை. நம் தோட்டத்து மதுரை வீரன் கோயில்களில் நிற்கும் குதிரைகளைப் பாருங்கள். முன்னங்கால் இரண்டும் ஆகாயத்தில். தரையைத் தொடாத காலுக்கு லாடக்காரர் தேவையில்லை.

தரையைத் தொடுகிற காலுக்கு வருவோம். உங்கள் கையை மேசை மேல் வைத்து, நடுவிரல் நுனியை மட்டும் ஊன்றி, மற்ற விரல்களையும் உள்ளங்கையையும் தூக்கிவிடுங்கள். குதிரை நிற்பது இப்படித்தான். ஒவ்வொரு காலிலும் ஒரே விரல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். குதிரையின் ‘முழங்கால்’ என்று முன்காலில் நாம் காட்டுகிற இடம் உண்மையில் நம் மணிக்கட்டு. அரை டன் எடையுள்ள ஒரு விலங்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒற்றைக் கால் மட்டும் தரையில் இருக்கிற தருணங்கள் வருகின்றன. அப்போது அந்த ஒரு குளம்பு தாங்குவது உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மைவி காரை அப்படியே தூக்கி உங்கள் நடுவிரல் மேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என்னை அசத்திய விஷயம் வேறு. அந்தப் பாரம் குளம்பின் அடித்தட்டில் உட்காரவில்லை, தொங்குகிறது. குளம்புக்குள் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அந்த எலும்பின் மேற்பரப்பும் குளம்புச் சுவரின் உட்புறமும் 600 அளவிலான மெல்லிய மடிப்புகளால் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்மடிப்புகள். பள்ளிப் பையில் ஒட்டி ஒட்டிப் பிரிப்போமே, அந்த வெல்க்ரோ பட்டையைப் போல. எலும்புக்கூட்டின் எடை முழுவதும் இந்தப் பிடிப்பில் ஊஞ்சலாடுகிறது. அடிப்பக்கம் நடுவே முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு மெத்தை உண்டு. ஆங்கிலத்தில் ஏனோ அதற்குத் தவளை என்று பெயர். குளம்பு தரையில் அறையும்போது குதிப்பக்கம் கொஞ்சம் விரிகிறது, எடுக்கும்போது சுருங்குகிறது. அந்த விரிவும் சுருக்கமும் ரத்தத்தை மேலே தள்ள உதவுகின்றன.

சுவர் வளர்வது மேலிருந்து கீழே. மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் விளிம்பில் புதிதாகப் பிறந்து, மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இறங்கி வரும். முன்பக்கத்துச் சுவர் முழுவதும் புதிதாக மாற ஏறக்குறைய ஒரு வருஷம். அதனால் குளம்பு ஒரு டைரி. தைப்பூசத்துக்கு வந்த காய்ச்சல், தீவனம் மாறிய வாரம் எல்லாம் வளையமாகப் பதிந்து, தீபாவளிக்கும் கண்ணில் தெரியும்.

பந்தய அட்டவணை வாரக் கணக்கில் நகர்கிறது, குளம்போ வருஷக் கணக்கில். லாடக்காரரின் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் பஞ்சாயத்துதான்.

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை அவர் வருவார். முதலில் குதிரையை நடக்கச் சொல்லிப் பார்ப்பார். எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொடுகிறது, பழைய லாடம் எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குச் செய்தி. பிறகு காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பழைய ஆணிகளைப் பிடுங்கி, குறட்டால் வளர்ந்த சுவரை வெட்டி, வளைந்த கத்தியால் சீவி, அரத்தால் சமன் செய்வார். புது லாடத்தைப் பட்டடை மேல் வைத்துத் தட்டிக் காலுக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவருவார். காலை லாடத்துக்கு ஏற்றபடி வெட்டுபவர் இந்தத் தொழிலுக்கு ஆகாதவர். பந்தய லாடம் ஒன்றின் எடை சுமார் 100 கிராம். கை அதன் மேல் பட்டால் ஏமாற்றம்தான். இதுவா அரை டன்னைத் தாங்குகிறது என்று தோன்றும்.

என் தாத்தா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். மாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாட்டைக் கயிறு போட்டுத் தரையில் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு வீதம் அடிப்பார்களாம். சினிமா போலீஸ் மிரட்டுவது இந்தக் காட்சியை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன். குதிரைக்கு அந்தக் கொடுமை இல்லை. நின்றபடியே காலைக் கொடுக்கும். பழகிய குதிரை லாடக்காரரின் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவதும் உண்டு.

அப்படியானால் எங்கே கெடுகிறது? பந்தயக் குதிரைகளிடம் அடிக்கடி காணும் தொல்லை, முனை நீண்டு குதி தாழ்ந்துபோவது. முனை வேகமாக வளரும். பாரம் ஏற ஏறக் குதிப்பக்கம் முன்னோக்கி மடிந்து படுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் காலின் பின்பக்கம் ஓடும் தசைநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும், குதிப்பக்கத்து எலும்பு நசுங்கும். காரில் அலைன்மெண்ட் போனால் ஸ்டியரிங் மெதுவாக இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும், நாமும் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று ஃபெடரல் ஹைவேயில் ஓட்டிக்கொண்டே இருப்போமே, அதே கதை. டயரை மாற்றலாம். தசைநாண் கிழிந்தால் மாதக்கணக்கில் ஓய்வு, பல குதிரைகளுக்கு அத்துடன் முடிந்தது.

அடுத்தது பக்கவாட்டு வெடிப்பு. குளம்பின் ஒரு பக்கம் மற்றதைவிட முன்னதாகத் தரையில் அறைந்துகொண்டே இருந்தால், அந்தப் பக்கத்துச் சுவர் மேல்விளிம்பிலிருந்து நெட்டுக்குத்தாகப் பிளக்கும். பிளவு உள்ளே உயிருள்ள சதை வரை போனால் ரத்தம் கசியும், சீழ் பிடிக்கும். லாடக்காரர் அங்கே செய்வது ஏறக்குறைய எலும்பு முறிவு வைத்தியம்: பிளந்த பக்கத்தின் அடியை இழைத்து அதன் மேல் பாரம் இறங்காதபடி செய்வார், பின்பக்கம் மூடிய வட்ட லாடம் போட்டுப் பாரத்தைத் தவளைப் பக்கம் பகிர்ந்துவிடுவார், பிளவைக் கம்பியால் தைத்துப் பிசின் பூசுவார். இதெல்லாம் பிளவை ஒட்டவைக்காது. செத்த சுவர் ஒட்டாது. மேலிருந்து நல்ல சுவர் இறங்கி வரும்வரை காலம் கடத்துவதுதான் வைத்தியம்.

நம் ஊர்த் தண்ணீர் இதில் தனி அத்தியாயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து இங்கே வந்த குதிரைகளுக்கு வெக்கை தாங்காது, ஓடி முடித்ததும் குளிப்பாட்ட வேண்டும். குளம்பு ஊறும், காயும், மறுபடி ஊறும். ஊறி ஊறிக் காய்ந்த சுவர் ஆணியைப் பிடித்துவைக்காது. ஈரமான படுக்கையில் நின்றால் தவளைப் பள்ளத்தில் கறுப்பாக அழுகல் வரும். நாற்றம் லாய வாசலிலேயே சொல்லிவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடிக்கும் கடையில் எனக்கு ஒரு பெரியவர் பழக்கம். இளவயதில் குதிரை லாயத்தில் சைஸ் வேலை பார்த்தவர். காலையில் லாயத்துக்குப் போனதும் முதல் வேலை என்ன என்று கேட்டேன்.

“குதிரை மூஞ்சியப் பாக்க மாட்டோம்மா, காலத்தான் பாப்போம். குனிஞ்சு ரெண்டு முன்னங்குளம்புலயும் கை வைப்போம். ஒண்ணு சூடா, ஒண்ணு சில்லுனு இருந்தா, அன்னிக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம்.”

“சொன்னா கேப்பாங்களா அங்கிள்?”

“சொல்றது நம்ம வேலை. கேக்கிறது டிரெயினரு, டாக்டரு, முதலாளி. சனிக்கிழமை ஓட்டம் இருந்தா சில பேருக்குக் காது கொஞ்சம் மந்தமாயிரும்.” சிரித்துவிட்டு ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார்.

அந்த மந்தத்தை உலகமே பார்த்த ஒரு கதை உண்டு. 2008-இல் அமெரிக்காவில் பிக் பிரவுன் என்ற குதிரை மே 3 அன்று கென்டக்கி டெர்பியையும், மே 17 அன்று பிரீக்னஸையும் வென்றது. மூன்றாவதான பெல்மாண்டையும் வென்றால் டிரிப்பிள் கிரவுன். 1978-க்குப் பிறகு, அதாவது 30 வருஷமாக எந்தக் குதிரையும் தொடாத பட்டம். இடையில் இடது முன்னங்குளம்பில் பக்கவாட்டு வெடிப்பு. அதன் குளம்புச் சுவர்கள் ஏற்கெனவே பிரச்சினைக்குப் பேர் போனவை. ஒட்டு லாடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. குளம்பு வைத்தியர் இயன் மெக்கின்லி கம்பித் தையல் போட்டார். பயிற்சி சில நாள் தடைப்பட்டது. ஓட்டத்துக்கு முதல் நாள் வெடிப்பின் மேல் பிசின் பட்டை ஒட்டப்பட்டது. நாடே அந்தப் பட்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

ஜூன் 7. கொளுத்தும் வெயில். கடைசி வளைவில் பிக் பிரவுன் தளர, ஜாக்கி கடிவாளத்தை இழுத்து நிறுத்தியேவிட்டார். கடைசி இடம். எதனால் என்று இன்றும் வாதிடுகிறார்கள். வெயில், விட்டுப்போன பயிற்சி, ஊக்கமருந்தை நிறுத்தியது என்று ஆளுக்கொரு காரணம். பிறகு ஒரு புகைப்படம் வெளிவந்தது. வெடித்த முன்னங்குளம்பை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலது பின்னங்காலில் லாடம் இடம் பெயர்ந்திருந்தது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜாக்கி குதிரையை நிறுத்தினாரே, கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதைத்தான் நான் அந்த ஓட்டத்தின் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். பிக் பிரவுன் அதற்குப் பிறகும் இரண்டு ஓட்டம் வென்று, அக்டோபரில் பயிற்சியின்போது முன்னங்குதியில் சதை கிழிந்து ஓய்வு பெற்றது. கடைசியிலும் கால்தான்.

இதே மாதிரிக் கால், வேறு மாதிரிக் கதை: ஜப்பானின் டீப் இம்பாக்ட். 2005-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் அந்நாட்டு டிரிப்பிள் கிரவுனை வென்ற குதிரை. உருவம் சிறியது, குளம்புச் சுவரும் மெல்லியது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆணியைப் பிடுங்கி அடித்தால் அந்தச் சுவர் சல்லடையாகிவிடும். ஆகவே ஆணியே வேண்டாம் என்று முடிவு செய்து, பிசினால் ஒட்டும் லாடத்துக்கு மாற்றினார்கள். 14 ஓட்டம், 12 வெற்றி. லாடம் ஓட்டியதால் ஜெயித்தது என்று சொன்னால் குதிரைக்கு அவமரியாதை. ஆனால் அதன் குளம்பு எப்படிப்பட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதற்கு ஏற்ற வழியைத் தேடினார்கள். வெடித்த பிறகு ஓடி வரவில்லை.

லாடமே வினையாவதும் உண்டு. பிடிமானத்துக்காக முன்னங்கால் லாடத்தின் முனையில் ஒரு விளிம்பை எழுப்பி வைப்பது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். மண்ணைக் கவ்வும், வேகம் கூடும் என்று நம்பிக்கை. கலிபோர்னியாவில் ஓட்டத்தில் கால் முறிந்து இறந்த குதிரைகளின் லாடங்களை ஆராய்ந்து 1996-இல் ஓர் ஆய்வு வெளியானது. வழக்கமான உயரத்தில் விளிம்பு வைத்த லாடம் போட்ட குதிரைகளுக்கு அத்தகைய முறிவு நேரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. குளம்பு தரையில் பட்டதும் கொஞ்சம் வழுக்கி நிற்க வேண்டும், அந்த வழுக்கலில்தான் அதிர்ச்சி கரைகிறது. விளிம்பு சட்டென்று பிரேக் போட்டால் அதிர்ச்சி எலும்புக்குப் போகிறது. இன்று அங்கே முன்னங்காலில் அது தடை. வேகத்துக்கென்று சேர்த்த சில மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்கப் பல வருஷம் ஆனது.

திருத்த லாடம் என்ற சொல்லைக் கேட்டதும், கோணல் காலை நேராக்கிவிடலாம் என்று தோன்றும். குட்டியாக இருக்கும்போது முடியும். கீழ்க்கணுவின் எலும்பு வளர்ச்சி பிறந்த சில மாதங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குள் குளம்பைச் சீவித் திருத்தினால் கால் திரும்பும். வளர்ந்த குதிரையின் காலைப் பார்க்க அழகாக நேராக்கப் போனால், கோணல் குளம்பிலிருந்து மேலே ஏறி மூட்டில் போய் உட்காரும். நல்ல லாடக்காரர் வளர்ந்த குதிரையைத் திருத்துவதில்லை. அதன் கோணலோடு வலியில்லாமல் ஓட வழி செய்கிறார். பல் கம்பி போடும் வயது தாண்டியவர்களுக்கு இது புரியும்.

குளம்பு நோய்களில் கொடியது அந்த வெல்க்ரோ பிடிப்பே கழன்றுபோவது. அதிகத் தானியம் தின்றால் வரலாம், உடலில் விஷம் பரவினால் வரலாம், ஒரு கால் முறிந்து மறுகாலிலேயே நின்றாலும் வரலாம். 2006-இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் ஓட்டத்தில் வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் தகடும் திருகுகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு கூடிவந்தது. ஆனால் அதுவரை பாரம் சுமந்த இடது பின்னங்குளம்பில் பிடிப்பு கழன்றது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு, 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள். முறிந்த காலைக் காப்பாற்றியவர்களால் முறியாத காலைக் காப்பாற்ற முடியவில்லை.

இவ்வளவையும் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நம் ஊர்ச் செய்தி ஒன்று கிடைத்தது. ஊர் என்றால் பழைய ஊர், பாண்டிய நாடு. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, காயல் துறைமுகத்துக்கு அரபுக் கரையிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்குவதை எழுதிவைத்திருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரை வரை ஒவ்வொரு வருஷமும் பொன் கொட்டி வாங்குவார்களாம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுவார்களாம். உயர்ந்த ஜாதிக் குதிரைகளுக்குப் பிறக்கும் குட்டிகூட அங்கே கோணல் காலோடு பிறக்குமாம். மாணிக்கவாசகர் கதையில் வாங்கிய பரியெல்லாம் இரவோடிரவாக நரியாகிப் போகும். மார்கோ போலோவின் கணக்கைப் பார்த்தால் பாண்டியனுக்கு அது வழக்கமான நஷ்டம்தான் போலிருக்கிறது.

நான் நிறுத்திப் படித்த இடம் அடுத்தது. குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த லாடக்காரர் அந்த நாட்டில் ஒருவரும் இல்லை என்கிறார். வியாபாரிகள் தங்களோடு ஒருவரைக்கூடக் கூட்டி வருவதில்லை, போக நினைப்பவரையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை! பயணியின் பேச்சில் கொஞ்சம் மிகை இருக்கலாம். எல்லாக் குதிரையும் காலால் செத்திருக்காது, வெக்கையும் நோயும் கொன்றிருக்கும். ஆனாலும் சோறு தின்று நின்ற இடத்திலேயே நின்ற குதிரைகள் என்றதும் எனக்கு அந்த வெல்க்ரோதான் நினைவுக்கு வந்தது.

பிரிட்டனில் 1975-இல் ஒரு சட்டம் வந்தது. பயிற்சி பெற்றுப் பதிவு செய்யாதவர் குதிரைக்கு லாடம் அடித்தால் குற்றம். ஒருவர் பதிவு பெற வருஷக்கணக்கில் குருவிடம் இருந்து வேலை கற்க வேண்டும். இளைஞர்களே, மாதச் சம்பளத்துக்கு ஐந்து இடத்தில் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்களே, உலகத்தில் இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது. முதுகு நல்ல முதுகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

நம் வட்டாரத்தில் அந்த வேலைக்கான இடம் குறைந்துகொண்டு வருகிறது. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று கிராஞ்சியில் கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. நிலம் வீடுகளுக்கு வேண்டும் என்று அரசு சொன்னது. அம்பாங்கில் நடந்தது நினைவிருக்கும். பந்தயம் வேண்டுமா வேண்டாமா என்று நம் வீட்டு மேசையிலேயே இரண்டு கட்சி உண்டு. சூதில் வீடு இழந்தவர்களின் கதை தெரிந்தவர்கள் ஒரு கட்சி, அவர்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திடலை மூடுவது ஒரு கையெழுத்தில் முடிகிறது. குதிரை 25, 30 வருஷம் வாழும். பந்தயத்தில் அது இருப்பது அதில் ஐந்தாறு வருஷம்தான்.

ஓய்வு பெறும் குதிரைக்கு முதலில் நடப்பது லாடத்தைக் கழற்றுவது. அலுமினியத் தகட்டை எடுத்ததும் ஆணித் துளை விழுந்த சுவர் ஓரமாக உதிரும். வெறுங்காலில் நடக்க முதல் வாரங்களில் கூசும். சவாரி கற்றுத்தரும் பள்ளிக்குப் போக வேண்டுமானால் முனையைக் குறைத்து, குதியைப் பின்னுக்குக் கொண்டுவந்து, நாலைந்து முறையாவது பொறுமையாகச் சீவ வேண்டும். மயிர் விளிம்பிலிருந்து இறங்கிவரும் புதுச் சுவர் தரையைத் தொட ஒரு வருஷம் ஆகும். அந்த ஒரு வருஷத்துக்குத் தீவனத்துக்கும் லாயத்துக்கும் லாடக்காரருக்கும் பணம் கட்ட ஒருவர் வேண்டும். எந்தப் பந்தயத்திலும் ஓடாத, எந்த நம்பரும் தராத குதிரைக்கு.